சாஸ் திரிந்தால், கறி சிவக்காவிட்டால், கேரமல் பூத்துப்போனால்

பிரான்ஸிலும் இத்தாலியிலும் உருவான சமையல் குறிப்புகள் 20 டிகிரி அடுப்படியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர் பக்கம் அடுப்படிக்குள் 35 டிகிரி சர்வசாதாரணம். நம் ஊர்க் கடையில் அதே பெயரில் கிடைக்கும் வெண்ணெயும் கிரீமும் கோழியும் அந்தக் குறிப்புகள் சொல்கிறபடி நடந்துகொள்வதும் இல்லை. ஆகவே குறிப்பை எழுத்துப் பிசகாமல் செய்தும் சொதப்பினால், உங்கள் கையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் இரண்டைப் பாருங்கள்: எங்கே தண்ணீர் கூடியது, எங்கே சூடு பிசகியது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் போய் நிற்கும். வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்களுக்கு வந்த கோளாறுக்கு நேராகப் போகலாம்.

ஒரு தராசும் ஒரு சமையல் தெர்மாமீட்டரும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். தெர்மாமீட்டரை முதலில் ஐஸ் நிறைந்த தண்ணீரில் விட்டு 0 காட்டுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கொதிக்கும் தண்ணீரில். கோயம்புத்தூரில் அது 100 காட்டாது, காட்டவும் கூடாது. ஊர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் தண்ணீர் 98.6 வாக்கில் கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93-லேயே கொதிக்கும். பாகு பதத்துக்குச் சொல்லும் டிகிரியிலும் இந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஹாலண்டேஸ் சாஸ் திரிந்துவிட்டது

சாஸ் வகைகளில் இதைத்தான் முதலில் பழகச் சொல்வேன். முட்டை மஞ்சள் கரு, வெண்ணெய், எலுமிச்சைச் சாறு என்று மூன்றே பொருள்; ஆனால் சூடு, வேகம், தண்ணீர் அளவு மூன்றும் இதில் பிடிபட்டுவிட்டால் மற்ற சாஸ்கள் பயமுறுத்தாது.

திரிவதில் இரண்டு வகை உண்டு. எது என்று தெரியாமல் கை வைக்காதீர்கள். கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தட்டில் தடவிப் பாருங்கள்.

எண்ணெய் தனியாக மிதந்து, அடியில் நீர்த்த மஞ்சள் தெரிந்தால் வெண்ணெய் மட்டும் பிரிந்திருக்கிறது, கருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காப்பாற்றிவிடலாம். வேறு கிண்ணத்தில் ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, திரிந்த சாஸை முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு நூலாகவும் அதில் விட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். அப்படியும் சேரவில்லை என்றால் தண்ணீரோடு புது மஞ்சள் கரு ஒன்றைச் சேர்த்து, கொதிநீர் ஆவியின் மேல் கெட்டியாகும்வரை அடித்துவிட்டு, அதே மாதிரி ஊற்றுங்கள். இப்படிப் பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் வெண்ணெயை அவசரமாக ஊற்றியதுதான். சில நேரம் தண்ணீர் பற்றாமலும் பிரியும். ஆவியின் மேலேயே ரொம்ப நேரம் வைத்து அடித்தால் கலவையில் இருக்கும் நீர் வற்றிப்போய், வெண்ணெய்த் துளிகளைப் பிரித்துப் பிடித்துவைக்க இடம் இல்லாமல் போகிறது. சாஸ் களிம்பாக இறுகத் தொடங்கினால் அதுவே எச்சரிக்கை. ஒரு தேக்கரண்டி வெந்நீர் விடுங்கள்.

தட்டில் பொடிப்பொடியாகத் தெரிந்தால் கரு வெந்துவிட்டது. மஞ்சள் கரு 65 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கி 70 வாக்கில் இறுகிவிடும். அதற்கு வைத்தியம் இல்லை. முட்டைப் பொரியலில் சேர்த்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். குண்டானில் இரண்டு அங்குலத் தண்ணீர், அடுப்பு சிம்மில், மேலே கிண்ணம். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. கரு கலவை 62 முதல் 65 டிகிரிக்குள் வந்து, கரண்டி இழுத்த தடம் நின்றதும் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிட்டுத்தான் வெண்ணெயை ஊற்ற வேண்டும். வெண்ணெயின் சூடு 50, 55 போதும்.

அளவு: இரண்டு மஞ்சள் கரு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், 130 கிராம் உருக்கித் தெளியவைத்த வெண்ணெய், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, உப்பு.

இந்த 130 கிராமில்தான் நம் ஊர்ச் சிக்கல் இருக்கிறது. ஊத்துக்குளி வெண்ணெயின் மணத்துக்கு நிகர் இல்லை, ஹாலண்டேஸுக்கு அதைத்தான் நான் வாங்குவேன். ஆனால் கடைந்தெடுத்த வெள்ளை வெண்ணெய் எங்கே வாங்கினாலும் அதில் மோர் தங்கியிருக்கும். டேபிள் பட்டரில் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வெள்ளை வெண்ணெய்க்கு 76 போதும். வீட்டில் கடைந்தது இன்னும் கீழே போகலாம். 100 கிராமை மெல்லிய தீயில் உருக்கி, அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் நிறுத்துப் பாருங்கள். உங்கள் வெண்ணெயின் கணக்கு தெரிந்துவிடும். தெளிந்ததைச் சாஸுக்கு எடுத்துக்கொண்டு, அடியில் நிற்கும் மோரை விட்டுவிடுங்கள். முருங்கை இலை போட்டு நெய்யாகக் காய்ச்சும் வரை போக வேண்டாம். நெய் மணம் வந்துவிட்டால் எலுமிச்சை அடிபட்டுப்போகும்.

செய்த சாஸை வாயகன்ற ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்தால் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கும். அதற்கு மேல் வைத்திருக்காதீர்கள். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்து முருங்கைக்காயை ஆவியில் வேகவைத்து, சதையை வழித்தெடுத்து மேலே இதை ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். இந்தச் சாஸுக்காக அஸ்பாரகஸ் என்ற ஐரோப்பியத் தண்டுக் காயைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மயோனைஸும் இதே கூட்டணிதான், சூடு இல்லாமல். பச்சை முட்டையில் சால்மோனெல்லா அபாயம் இருப்பதால் 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸைத் தயாரித்து விற்க ஓராண்டுத் தடை போட்டது நினைவிருக்கலாம். தடை கடைகளுக்கு, ஆனால் கிருமிக்குக் கடை, வீடு என்ற வித்தியாசம் இல்லை. கருவோடு ஒரு கரண்டித் தண்ணீரும் வினிகரும் சேர்த்து, ஆவியின் மேல் விடாமல் அடித்து 70 டிகிரிக்குக் கொண்டுபோய், ஆறவைத்துப் பிறகு எண்ணெய் விடுங்கள். தண்ணீரும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் கரு அந்தச் சூட்டைத் தாங்கும்.

கறி சிவக்காமல் வெளுத்துப்போய்த் தண்ணீர் விடுகிறது

கறியின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்தப் பரப்பு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. சிவந்த நிறமும் வறுத்த மணமும் சுறுசுறுப்பாக வருவதற்கு 140 டிகிரி வேண்டும். இந்த வினையைப் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-ல் விவரித்தார். அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். ஆக, முதலில் தண்ணீரை ஒழிக்க வேண்டும்.

பள்ளிபாளையம் சிக்கன் செய்கிறவர்களுக்கு இது புதிது இல்லை. கோழி விட்ட தண்ணீரிலேயே வெந்து, அது முழுக்க வற்றிய பிறகுதான் எண்ணெய் பிரிந்து வரமிளகாயோடும் தேங்காய்ச் சில்லோடும் சிவக்கத் தொடங்கும். அங்கே வேகவைப்பது முதலில், சிவக்கவைப்பது கடைசியில். பிரெஞ்சு முறையில் இது தலைகீழ்: முதலில் சிவக்கவைத்து, உள்ளே சாறு இருக்கும்போதே நிறுத்த வேண்டும். அதனால் தண்ணீரை வற்றவைக்க உங்களுக்கு நேரமே கிடையாது. அடுப்பில் வைப்பதற்கு முன்பே கறி காய்ந்திருக்க வேண்டும்.

கடையில் வெட்டி வாங்கிய கோழியை வீட்டில் நாலு தண்ணீர் விட்டு அலசுவது நம் பழக்கம். அலசியே ஆக வேண்டும் என்றால் உடனே துணியால் ஒற்றி, உப்பு தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். தோல் காகிதமாக உலர்ந்துவிடும். அவ்வளவு நேரம் இல்லையென்றால் கறியைக் கல்லில் வைப்பதற்குச் சற்று முன்னால் உப்புப் போடுங்கள். பத்து, இருபது நிமிடம் முன்னால் போடுவதுதான் மோசம். உப்பு இழுத்த நீர் மேலே நிற்கும், திரும்ப உள்ளே போக அவகாசம் இருக்காது.

அடுத்தது பாத்திரம். மெல்லிய நான்ஸ்டிக் தவாவில் குளிர்ந்த கறியை வைத்ததும் சூடு இறங்கிவிடும். வீட்டில் இருக்கும் கனமான இரும்புத் தோசைக்கல் இதற்கு அருமையான கருவி. ஏழெட்டு நிமிடம் காயவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று உடனே ஆவியானால் போதாது. முத்தாக உருண்டு ஓடினால் சரி. துண்டுகளுக்கு நடுவே விரல் அகல இடைவெளி விடுங்கள். நெருக்கி அடுக்கினால் ஆவி வெளியேறாமல் கறி அவிந்துவிடும்.

புகை கிளம்பி அடுப்படியே கசக்கிறது என்றால் எண்ணெயைப் பாருங்கள். செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் 160 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கும். ரீஃபைண்ட் கடலெண்ணெய் 230 வரை தாங்கும். செக்கெண்ணெயைத் தாளிப்புக்கும் இட்லிப்பொடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கறி கல்லில் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். சிவந்து முடிந்ததும் பெரும்பாலும் தானே விடும். எடுத்த பிறகு கல்லில் பிடித்திருப்பது பழுப்பாக இருந்தால் கொஞ்சம் சூப்பும் இரண்டு சொட்டு வினிகரும் விட்டுச் சுரண்டி சாஸாக்கலாம். கறுத்திருந்தால் கழுவிவிடுங்கள், அந்தக் கசப்பை எந்த வெண்ணெயும் மறைக்காது. கோழியின் உட்பகுதி 74 டிகிரி தொட்டிருக்க வேண்டும்.

நாட்டுக்கோழியை மெல்ல முடியவில்லை

74 டிகிரி வந்தாயிற்று, பாதுகாப்பாக வெந்தாயிற்று, பல் மட்டும் இறங்கவில்லை. நீங்கள் எடுத்த குறிப்பு ஆறு வாரத்து பிராய்லருக்கு எழுதியது. காடு மேடெல்லாம் ஓடித் திரிந்த கோழியின் காலில் கொலாஜன் அதிகம். அது ஜெலட்டினாகக் கரைய 85, 90 டிகிரியில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். மூடி போட்டு, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் மட்டும் வருகிற தீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் நார் சுருங்கி, குழம்பில் மூழ்கியிருந்தாலும் கறி வறண்டுவிடும். குக்கரில் வைத்தால் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சாஸ் கொஞ்சம் கலங்கும், பரவாயில்லை.

சேவலைச் சிவப்பு ஒயினில் வேகவைக்கும் பிரெஞ்சுப் பண்டம் ஒன்று உண்டு, கோக் ஓ வான். அது கிழட்டுச் சேவலுக்காகவே பிறந்த முறை. இன்று பாரீஸ்காரர்களே பெரும்பாலும் இளங்கோழியில்தான் செய்கிறார்கள். காங்கயத்துச் சந்தையில் சேவல் வாங்குகிற நாம் அசலுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறோம். பிராய்லரை அதே இரண்டு மணி நேரம் வைத்தால் எலும்பு தனி, கறி தனி.

கேரமல் பூத்துப்போகிறது, அல்லது கசக்கிறது

சர்க்கரைப் பாகு பொன்னிறத்துக்கு வருவதற்கு முன்பே வெள்ளையாகக் கட்டி தட்டினால் படிகம் விழுந்திருக்கிறது. ஓரத்தில் ஒட்டிய ஒரு பரல் போதும், பாத்திரம் முழுக்கப் பரவிவிடும். கிளறியதுதான் காரணம். அதிரசப் பாகு கிண்டிய கைக்குச் சும்மா நிற்பது கஷ்டம்தான். ஆனால் வெல்லத்தில் இயல்பாகவே குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருப்பதால் அது அவ்வளவு எளிதில் படிகமாகாது, எவ்வளவு கிண்டினாலும் பொறுத்துக்கொள்ளும். வெள்ளைச் சர்க்கரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதைக் கையால் கொடுக்க வேண்டும்: 200 கிராம் சர்க்கரைக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் சர்க்கரையின் ஒரு பகுதி அந்த இரண்டாக உடையும். கரைந்த பிறகு கரண்டியை எடுத்துவிட்டுப் பாத்திரத்தை மட்டும் சுழற்றுங்கள். கட்டி தட்டிவிட்டாலும் நஷ்டம் இல்லை. அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சலாம்.

அப்படியானால் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையிலேயே கேரமல் செய்தால் என்ன? வராது. அதில் இருக்கும் மற்ற சத்துகள் சர்க்கரை உடைவதற்கு முன்பே கருகிவிடும். நிறம் முதலிலேயே பழுப்பு என்பதால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. வெள்ளைச் சர்க்கரையில் கேரமல் செய்துவிட்டு, கிரீம் விடும்போது ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரை சேருங்கள்; அந்த மணம் வேண்டியவர்களுக்கு அதுதான் வழி.

கசப்பு என்றால் நிறுத்தத் தாமதித்திருக்கிறீர்கள். 170 தாண்டிய பிறகு நொடிக்கு நொடி கறுக்கும். தேன் நிறத்திலேயே அடுப்பை அணையுங்கள், மீதியைப் பாத்திரத்தின் சூடே பார்த்துக்கொள்ளும். கிரீமைச் சூடாக்கித்தான் ஊற்ற வேண்டும், அதுவும் ஆழமான பாத்திரத்தில். பொங்கி எழும் ஆவி கையைச் சுட்டால் எண்ணெய்க் கொப்புளத்தைவிட மோசம். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

கிரீம் எவ்வளவு அடித்தாலும் எழவில்லை

பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். ஃப்ரெஷ் கிரீம் என்று விற்பதில் பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்புதான் இருக்கும். அதை அடிப்பது வீண். 30-க்கு மேல், முடிந்தால் 35 வேண்டும். கொழுப்பு சரியாக இருந்தும் எழவில்லை என்றால் சூடு. 10 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் கொழுப்பு காற்றைப் பிடித்து நிற்கும். கிண்ணத்தையும் அடிப்பானையும்கூட ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

சாக்லேட் மினுங்கவில்லை, கையில் ஒட்டுகிறது

பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. அந்தக் கொட்டையில் செய்த நல்ல டார்க் சாக்லேட்டும் இப்போது கிடைக்கிறது. அதை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றினால் மறுநாள் சாம்பல் பூத்து நிற்கும். கொக்கோ வெண்ணெய் பல வடிவங்களில் உறையக்கூடியது. அதில் 34 டிகிரி வாக்கில் உருகும் ஒரு வடிவம்தான் பளபளப்பும் உடையும்போது சத்தமும் தரும். அதை வரவழைக்க டெம்பரிங் செய்ய வேண்டும்.

முக்கால் பங்கை 45, 50 டிகிரிக்கு உருக்குங்கள். பொடியாக நறுக்கிய கால் பங்கைப் போட்டுக் கிளறி 28-க்கு இறக்குங்கள். பிறகு மெதுவாக 31, 32-க்கு ஏற்றுங்கள். இது டார்க்குக்கு, மில்க் சாக்லேட்டுக்கு இரண்டு டிகிரி குறைவு. கத்தி நுனியில் தொட்டு வைத்தால் ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுக வேண்டும்.

அறையே 34-ல் இருந்தால் இந்தச் சோதனை என்றைக்கும் தேறாது. ஏசி அறை, இல்லையென்றால் மார்கழி, தை மாத விடியற்காலை. பொள்ளாச்சிக்காரர்கள் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குளிராக வருகிறதே என்று இறங்கினால் இன்னொரு தொல்லை வரும்: காற்றில் ஈரம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாக்லேட்டின் மேல் வியர்த்து, சர்க்கரை கரைந்து, காய்ந்து வெள்ளையாகும். விரலால் தேய்த்துப் பாருங்கள். சொரசொரப்பாக நின்றால் ஈரத்தால் வந்த சர்க்கரைப் பூப்பு. தொட்டதும் உருகி மறைந்தால் டெம்பரிங் தவறிய கொழுப்புப் பூப்பு. இரண்டாவதை மறுபடி உருக்கிச் சரிசெய்யலாம். முதலாவதைப் பாலில் கரைத்துக் குடித்துவிடுங்கள்.

உருக்கும்போதே திடீரென்று கட்டியாகி வறண்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்திருக்கிறது. ஆவி பட்டாலே போதும். அச்சுக்கு ஆகாது, சூடான கிரீம் தாராளமாக ஊற்றி கனாஷ் என்ற சாக்லேட் கிரீம் கலவையாக்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் காம்பவுண்ட் என்று போட்டிருந்தால் இந்த வேலை எதுவும் வேண்டியதில்லை, அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. சுவையும் அதற்கேற்ற மாதிரிதான்.

க்ரோசானில் வெண்ணெய் ஒழுகிவிடுகிறது

க்ரோசான் என்பது மாவுக்குள் வெண்ணெயை வைத்து மடித்து மடித்துச் சுடும் பிரெஞ்சுப் பண்டம். மடிப்புகளுக்கு நடுவே வெண்ணெய் 13 முதல் 16 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே நொறுங்கும், மேலே மாவோடு கலந்துவிடும். ஒவ்வொரு மடிப்புக்கும் இடையே அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், ஏசி அறை, இரவு நேரம். இங்கே வெள்ளை வெண்ணெய் வேண்டாம், நீர் குறைந்த பாக்கெட் வெண்ணெய்தான். கத்திரி வெயிலில் கரூரில் இதைச் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆவணிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரிசோட்டோ பசையாகவும் இல்லை, உதிரியாகவும் இல்லை

ரிசோட்டோ என்பது அரிசியைச் சூப்பில் வேகவைத்து இளக்கமாக இறக்கும் இத்தாலியப் பண்டம். பொன்னிப் புழுங்கல் அரிசியில் முயன்றிருப்பீர்கள். புழுங்கலில் மாவுச்சத்து நெல்லிலேயே ஒருமுறை வெந்து இறுகியது, குழம்பில் கரைய மனம் வராது. சீரகச் சம்பாவும் சரிப்படாது, அது பிரியாணிக்குப் பிறந்தது. ஆர்போரியோ என்ற இத்தாலிய அரிசி கிடைத்தால் நல்லது; இல்லையென்றால் குட்டையான, தடித்த பச்சரிசி. கழுவக் கூடாது. அமுச்சி (அம்மாவின் அம்மா) பார்த்தால் திட்டுவார்தான், ஆனால் கழுவிய தண்ணீரில் போவது இந்தப் பண்டத்துக்கு வேண்டிய மாவு. அரிசியை வெண்ணெயில் பிரட்டி, சூடான சூப்பைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். ஆறிய சூப்பு விட்டால் ஒவ்வொரு முறையும் கொதி நின்றுபோகும். 17, 18 நிமிடத்தில் நடுவில் ஒரு பொட்டுக் கடினம் மிச்சமிருக்கும்போது இறக்கி, வெண்ணெயும் சீஸும் சேருங்கள். சுடச்சுட இளக்கமாக இருந்த அரிசிம்பருப்புச் சாதம் தட்டில் ஆறியதும் இறுகுவது போலத்தான் இதுவும். அதனால் தட்டில் போட்டதும் தானாகப் பரவுகிற இளக்கத்தில் இறக்க வேண்டும்.

வெள்ளை சாஸ் கட்டி கட்டியாக இருக்கிறது

மைதாவும் வெண்ணெயும் சம எடை, இரண்டு நிமிடம் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கவும். விழுந்த கட்டியை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் போயிற்று. மாவு வாடை அடித்தால் இன்னும் பத்து நிமிடம் சிம்மில்.

பயறு வேகவில்லை, பச்சைக் காய் பழுத்துவிட்டது

வெள்ளை ராஜ்மாவை ராத்திரி முழுக்க ஊறவைத்து மூன்று மணி நேரம் வேகவைத்தும் தோல் கடினமாக இருக்கிறதென்றால் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். ஆழத்து போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை தோலில் உள்ள பெக்டினைப் பிடித்துக் கெட்டியாக்கும். பருப்பு வேக நல்ல தண்ணி, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி என்று இங்கே வீட்டுக்கு வீடு பிரித்து வைத்திருப்பது இதனால்தான். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் இந்தப் புகார் வராது. மற்றவர்கள் கேன் தண்ணீரில், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு ஊறவைத்து, அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைக்கவும். தக்காளி, எலுமிச்சை எதையும் வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பும் தோலை இறுக்கும்.

அதே புளிப்புதான் பீன்ஸையும் பிராக்கோலியையும் பழுப்புப் பச்சையாக்குகிறது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய காய் எவ்வளவு இளசாக இருந்தாலும், மூடி போட்டு வேகவைத்தால் காயிலிருந்தே கிளம்பும் அமிலம் வெளியேற முடியாமல் நிறத்தைக் கெடுக்கும். அகலப் பாத்திரம், நிறையத் தண்ணீர், உப்பு, மூடி வேண்டாம், மூன்று நிமிடம், நேராக ஐஸ் தண்ணீர். எலுமிச்சை பரிமாறும் நேரத்தில்.

பூண்டு கன்ஃபியில் குமிழ் வருகிறது

கொட்டிவிடுங்கள், ருசி பார்க்க வேண்டாம். எண்ணெயில் மெல்லிய தீயில் வேகவைத்த பூண்டும் சின்ன வெங்காயமும் ஊறுகாயைப் போலத் தெரியும், ஆனால் ஊறுகாயில் இருக்கும் புளிப்பும் உப்பும் இதில் இல்லை. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். குமிழும் நாற்றமும் இல்லாமலேயே நஞ்சு இருக்கக்கூடும் என்பதால் நாளைக் கணக்கு வைப்பது ஒன்றுதான் வழி. ஆறியதும் ஃப்ரிட்ஜ், நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதிகமாகச் செய்துவிட்டால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.